சேவியர் அண்ணாவின் டெய்ஸி இப்போது என் வீட்டில்

சேவியர் அண்ணா போய்விட்டார். இன்று காலை... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

சடையங்குப்பத்துக்கு நாய்க்குட்டி வாங்க வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். எங்கள் தெருக்கோடியில் பச்சை கேட் போட்ட வீடு. கேட்டில் கை வைப்பதற்குள் உள்ளே குட்டிகள் கத்தி ஊரைக் கூட்டிவிடும். மழை மாதங்களில் மட்டும் குட்டி வைத்திருக்க மாட்டார்.

அவருடைய லேப்ரடார் டெய்ஸி இப்போது என் காலடியில் படுத்திருக்கிறது. ஈரம் போகத் துடைத்துவிட்டேன். ஆனாலும் நடுங்குகிறது. ஒரு கையால் அதைத் தடவிக்கொண்டே எழுதுகிறேன், டைப்பிங் தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசல்படி வரை தண்ணீர் வந்துவிட்டது. ஏரியை இன்னும் திறக்கப் போகிறார்களாம், படகில் வந்தவர்கள் மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். வெளிச்சம் இருக்கும்போதே டெய்ஸியை மொட்டை மாடிக்கு ஏற்றியாக வேண்டும். என் வீட்டுக்குப் படிக்கட்டு கிடையாது. இரும்பு ஏணிதான்.

சேவியர் அண்ணா விழுந்ததும் இதே மாதிரி ஓர் ஏணியிலிருந்துதான்...

முதன்முதலில் அவரிடம் போனபோது ரொம்பத் தெனாவட்டாகப் போனேன். என் வீட்டுக்காரர் டிரெய்லர் டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. நானும் மகளும் தனியாக இருக்கிறோம், பார்த்தாலே பயப்படுகிற மாதிரி ஒரு ராட்வீலர் வேண்டும் என்று கேட்டேன்.

அவர் குட்டியைக் காட்டவே இல்லை. வீடு தரைத்தளமா, எத்தனை மணிக்கு வேலைக்குப் போவேன், மகள் எந்த கிளாஸ் என்று கேள்வி மேல் கேள்வி. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட யாரும் இவ்வளவு விசாரிக்கவில்லை.

கடைசியாகத்தான் அதைக் கேட்டார். "ராட்வீலர் நல்ல நாய்தாம்மா. தண்ணி வந்துச்சுன்னா தோள்ல போட்டுகினு ஏணி ஏறுவியா? ஏற முடியாத நாயி நம்ம ஏரியாவுக்கு வாணாம்."

பெரிய நாய் எல்லாம் மாடி வீட்டுக்காரர்களுக்கு என்பது அவர் சட்டம். அதனால் எனக்குக் கிடைத்தது ஒரு பொமரேனியன். திருடன் வந்தால் இது என்ன செய்யும் என்று கோபமாகக் கேட்டேன். "குரைக்கும். இருட்டுல சைஸ் யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

வீட்டில் புஜ்ஜி என்று பேர் வைத்தோம். நேற்று சாயங்காலம் மாமியார் வந்து மகளை மாத்தூருக்குக் கூட்டிப் போனபோது, புஜ்ஜியை ஸ்கூல் பேகில் போட்டு அனுப்பிவிட்டேன். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஜம்மென்று போனது.

டெய்ஸி அவர் விற்ற நாய் இல்லை. மாதவரத்தில் யாரோ ஃப்ளாட் மாறும்போது, இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் அவர்கள் போனையே எடுக்கவில்லை.

கேட்டு வந்தவர்களுக்காவது கொடுத்திருக்கலாம். மணலியில் லாரி ஷெட் வைத்திருப்பவர் காவலுக்குக் கேட்டார். லேப்ரடாரைச் சங்கிலியில் கட்டிப்போட்டால் ஏங்கியே செத்துவிடும் என்று அண்ணா அவரை அனுப்பிவிட்டார். மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு ரிட்டயர்ட் சார் ஆசையாகக் கேட்டார். அவருக்கு முட்டிவலி, இது இழுக்கிற இழுப்பில் கீழே விழுந்துவிடுவார் என்று அவருக்கும் இல்லை.

ஒருவரும் தேறவில்லை. கடைசியில் தரைத்தளம், ஒத்தை ஆள், ஏணி வீடு... அவரே வைத்துக்கொண்டார். எனக்குச் சொன்ன சட்டம் எங்கே போனது என்று கேட்டு நான்கூட ஓட்டியிருக்கிறேன். சிரிப்பார்.

காலையில் நடந்ததை அவருக்கு எதிர்வீட்டுக் குமாரி அக்கா மொட்டை மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். படகு வந்திருக்கிறது. ஆட்களை மட்டும்தான் ஏற்றுவோம், நாய் வேண்டாம் என்றிருக்கிறார்கள். நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டு, அண்ணா டெய்ஸியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறியிருக்கிறார். பாதிக்கு மேல் ஏறிவிட்டாராம். அதற்கு மேல் டெய்ஸி பயந்து திமிறியிருக்கிறது.

இரண்டு பேரும் விழுந்ததில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் அண்ணாவின் தலை பட்டுவிட்டது. அதே படகைக் கூப்பிட்டுத்தான் தூக்கிப் போனார்கள்.

டெய்ஸி நீந்தி வந்து என் வாசலில் நின்றது. உள்ளே விட்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்காரர் நெல்லூர் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறார். நாயை விட்டுவிட்டு நீ மட்டும் படகில் ஏறிவிடு என்று போனில் கத்துகிறார். அவர் சொல்வது நியாயம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையாகவே பயமாக இருக்கிறது.

குமாரி அக்காவும் அவர் தம்பியும் இடுப்பளவுத் தண்ணீரில் வந்துகொண்டிருக்கிறார்கள். தம்பி எண்ணூரில் மீன் பிடிக்கப் படகில் போகிறவர், பழைய வலை ஒன்று எடுத்து வருகிறார். டெய்ஸியை அதில் கட்டி மேலிருந்து அவர்கள் இழுப்பார்கள். கீழே ஏணியில் நின்று நான் தாங்க வேண்டும்.

திமிறாமல் இருக்க அதனிடம் ஏதாவது பேசிக்கொண்டே இரு என்று அக்கா போனில் சொன்னார். அண்ணா அதனிடம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது...

மாடி வீட்டில் இருப்பவர்கள், லேப் வளர்த்துப் பழக்கம் இருப்பவர்கள் யாராவது டெய்ஸியை எடுத்துக்கொள்ள விரும்பினால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். நிறைய கேள்வி கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணா, அடக்கத்துக்கு ராயபுரம் வரை வர முடியுமா தெரியவில்லை. ரோடு முழுக்கத் தண்ணீர். அக்காவும் தம்பியும் கேட் கிட்ட வந்துவிட்டார்கள். போனை வைக்கிறேன்.

போய் வாங்க அண்ணா.