பீரோ வலது காலை முன்வைத்தது ஏன்

என் அக்காவின் கணவரை எல்லோரும் பீரோ என்றுதான் சொல்வார்கள். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. இருபத்திரண்டு வயதில் ஓர் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனதை, எதிர்க் கட்டடத்தில் குத்துச்சண்டைக் கூடம் நடத்திய மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பீரோவை இறக்கி வைப்பதற்குள் ஓடிவந்து ஆளைப் பிடித்துவிட்டாராம். இதைச் சொன்னவரும் மாஸ்டர்தான் என்பதால் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். பஞ்சும் களிம்பும் பழகிய கை என்று சண்டை நாட்களில் மாமாவின் மூலையில் என்னை நிறுத்தினார்கள். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் கிடைக்கும். அதற்குள் பிளந்த புருவத்தை அழுத்திப் பிடித்து, ரத்தத்தை நிறுத்தி, களிம்பு வைத்து ஆளை எழுப்பி அனுப்ப வேண்டும். பதினைந்து வருடம் அதைச் செய்தேன்.

ஆரம்பத்தில் அவருக்கு ஆட்டம் என்று ஒன்றும் கிடையாது. மணி அடித்ததும் நேரே போய் வலது கையால் ஓர் அடி. எழுந்தால் இன்னோர் அடி. முதல் பதினாறு சண்டைகளில் பதின்மூன்று பேர் இரண்டாவது சுற்றைப் பார்க்கவில்லை. கழிப்பறைக்குப் போய்வந்த ரசிகன் எதிராளியைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் பார்த்தான். எனக்கு வேலையே இல்லை. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பதினேழாவது சண்டைக்கு ஒருவன் வந்தான். இவரைவிடப் பதினைந்து கிலோ குறைவு, நின்ற இடத்தில் நிற்காத கால். எட்டுச் சுற்றும் ஓடிக்கொண்டே இருந்தான். இவர் காற்றைக் குத்திக் குத்தி ஓய்ந்துபோனார். ஏழாவது சுற்றில் எப்படியோ ஒரு குத்து அவன் நெற்றியில் விழுந்தது. உடைந்தது அவன் மண்டை இல்லை, இவருடைய வலது கை முட்டி.

மாவுக்கட்டு, அறுவை, மறுபடியும் மாவுக்கட்டு என்று எட்டு மாதம் போனது. வீட்டில் இருந்தால் அக்கா ஏதாவது வேலை வைப்பாள் என்று பயந்து தினமும் கூடத்துக்கு வந்து, இடது கையால் மட்டும் மணல்மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தார். திரும்பி மேடை ஏறியபோது ஆளே வேறு. இடது கையை நீட்டி எதிராளியின் மூக்கைத் தட்டுவார், பின்வாங்குவார், மறுபடி தட்டுவார். கதவைத் தட்டிவிட்டு ஓடுகிற பிள்ளைகள் மாதிரி பத்துச் சுற்றும் இதே கதை. ஜெயித்தார். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள்.

முப்பதைத் தாண்டியதும் கால் கனத்தது, பின்வாங்க முடியவில்லை. அப்போது மூன்றாவது ஆட்டம் வந்தது. எதிராளியைக் கட்டிப்பிடித்து, அவன் கழுத்தில் தன் நூற்றுப் பத்துக் கிலோவையும் சாய்த்துவிட்டு ஓய்வெடுப்பார். கனமான சாமானை எப்படிப் பிடித்தால் பாரம் நம் மேல் ஏறாது என்று அவருக்குத் தெரியும். எப்படிப் பிடித்தால் அடுத்தவன் மேல் ஏறும் என்பதும் தெரியும். நடுவர் வந்து பிரிப்பதற்குள் அந்தப் பிள்ளைகளுக்கு முட்டி மடங்கிவிடும். பார்க்கச் சகிக்காத ஆட்டம். எனக்கு ரொம்பப் பிடித்தது.

முப்பத்தாறு வயதில்தான் எல்லோரையும் வாயைப் பிளக்க வைத்தார். பதினான்கு வருடமாக இடது காலை முன்னால் வைத்து நின்றவர், திடீரென்று வலது காலை முன்வைத்து ஏறினார். இடது கை கன்னத்தோடு ஒட்டிக்கிடந்தது, வலது கை முன்னால் நீண்டது. கேலரியில் ஒருவன், "வலது கால எடுத்து வச்சு வாங்க!" என்று கத்த, அரங்கமே சிரித்தது. மூன்றாவது சுற்றில் எதிராளி தரையில் கிடந்தபோது சிரிப்பு நின்றது.

மாஸ்டரிடம் உடனே விளக்கம் தயாராக இருந்தது. "உடைஞ்ச கைய வேவு பாக்க முன்னால அனுப்புறோம். எட்டு மாசம் படிச்ச கை பின்னால காத்திருக்கு. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று பத்திரிகைக்காரரிடம் அளந்தார். அப்படி அவர் சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்ததே இல்லை. கன்னத்தோடு ஒட்டிய இடது கைக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தார்கள். கூடத்தில் பாதிப் பேர் கண்ணாடி முன் வலது காலை வைத்து நின்று பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள். நானும் கடையில் ஆளில்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. வயதான ஆள் எதை மாற்றினாலும் அனுபவம் என்போம்.

அடுத்தடுத்து நான்கு வெற்றி. சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை நிச்சயமானது. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா மருந்துக்கடைக்கு வந்தாள்.

"ஏண்டா, உங்க மாமாவுக்கு எம்மேல என்ன கோவம்?"

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"அஞ்சு மாசமா பாக்குறேன். பக்கத்துல உக்காந்தா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நானும் வீம்புக்குப் பேசாம இருந்தேன். நேத்து டம்ளர நீட்டுறேன், நீட்டிக்கிட்டே நிக்கிறேன், வாங்கவே இல்ல. வலது பக்கம் வந்து நீட்டினேன், உடனே வாங்கிக்கிட்டாரு."

"கழுத்துப் பிடிப்பா இருக்கும்க்கா" என்று ஒரு தைலத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மாலை கூடத்தில் அவர் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து மெல்ல அவருடைய இடது கண்ணுக்கு ஒரு விரல்கடை தூரம் வரை கொண்டுபோனேன். இமை அசையவில்லை.

"கத்திரிய எடு மாப்ள" என்றார். "கண்ணு தெரியலன்னா மூக்குமா போச்சு? உன் கை மருந்துக்கடை நாத்தம் அடிக்குது."

அரங்கத்து டாக்டரை எப்படி ஏமாற்றினார் என்று கேட்டேன். ஒரு கண்ணை மூடச் சொன்னால் இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டாராம். மற்றதை மூடச் சொன்னதும் கையை மட்டும் மாற்றி, வலது கையால் அதே இடது கண்ணை மூடினாராம். ஐந்து மாதத்துக்கு முன் வெளியூர் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னதையும் சொன்னார். இடது கண்ணின் உள்சவ்வு கிழிந்து தொங்குகிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணிலும் அந்தச் சவ்வு மெலிந்துதான் இருக்கிறது. பலமாக ஓர் அடி விழுந்தால் அதுவும் போகும். வலது காலை முன்வைத்தது தெரிகிற கண்ணை முன்னால் கொண்டுபோகத்தான், பூட்டுப் போட்டது தெரியாத பக்கத்தை மூடத்தான்.

"ஒரே ஒரு சண்டை மாப்ள. பெல்ட்டத் தூக்கிட்டு எறங்கிடுறேன். உங்கக்காகிட்ட வாயத் தொறந்த, நீ யாரோ நான் யாரோ."

நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தால் அல்ல. எனக்கும் அந்த பெல்ட் மேல் ஆசை. பதினைந்து வருடம் பஞ்சோடு நின்றவனுக்கு ஒரு போட்டோவில் பக்கத்தில் நிற்க ஆசை இருக்காதா? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சண்டையன்று முதல் ஆறு சுற்றில் குறைந்தது நான்கு அவர் கணக்கு. மாஸ்டர் அப்போதே ஜெயித்தவர் மாதிரி கேலரியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏழாவது சுற்றில் எதிராளியின் தலை மோதி வலது புருவம் பிளந்தது. ரத்தம் அந்தக் கண்ணுக்குள்ளேயே இறங்கியது. மிச்சச் சுற்று முழுக்க அவர் ஒரு மூலையில் சாய்ந்து பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். வந்த அடியில் பாதி தலையில் விழுந்தது. மணி அடித்ததும் எங்கள் மூலை எது என்று தெரியாமல் கையை நீட்டித் துழாவினார். கேலரிக்கு அது களைப்பு மாதிரித் தெரிந்தது.

முக்காலியில் உட்கார வைத்தேன். ஒன்றரை அங்குல நீளக் காயம். இதைவிட மோசமானதை எல்லாம் நாற்பது வினாடியில் அடைத்திருக்கிறேன். பஞ்சை வைத்தேன், கட்டைவிரலையும் வைத்தேன். அழுத்தவில்லை.

"அழுத்துடா" என்றார் மெதுவாக.

நான் அழுத்தவில்லை. ரத்தம் என் மணிக்கட்டு வழியாக இறங்கியது. என் கட்டைவிரலைப் பதினைந்து வருடமாகப் புருவத்தில் வாங்கிப் பழகிய ஆள் அவர். அவரிடம் எதை மறைக்க முடியும்?

"மாப்ள. அழுத்துடா, டேய்."

ரத்தம் நிற்கவில்லை என்று நடுவர் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் ஏறி வந்து வலது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். காயத்தைத் துடைத்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று விடலாமா என்பது போல் நடுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கண்ணையும் பாருங்க டாக்டர்" என்றேன்.

டார்ச் இடது பக்கம் போனது. அவ்வளவுதான்.

வலது கண்ணுக்கு அடுத்த வாரமே அறுவை நடந்தது. சவ்வை ஒட்டிவிட்டார்கள், கண் பிழைத்தது. உரிமத்தை ரத்து செய்தார்கள். மாஸ்டர் என்னைக் கூடத்துப் படி ஏறக் கூடாது என்றார். அக்கா மட்டும் அவ்வப்போது கடைக்கு வந்து, இரண்டு வார்த்தை பேசி, அழுதுவிட்டுப் போவாள்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. மாமா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன வாரம் கடைத்தெருவில் நல்ல கூட்டம். தெருவின் அந்தக் கோடியில் அவர் சாமான் வண்டி ஒன்றிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் தெருவைக் கடந்து எதிர்ப் பக்கமாக நடையைக் கட்டினார். எங்களுக்கு நடுவே நூறு தலைகளாவது இருக்கும். அத்தனையையும் தாண்டி என் முகத்தைக் கண்டுபிடித்துத்தான் திரும்பிப் போனார்.