பதினான்காம் வரி

களிம்பு தயாரிக்கும் நிறுவனமொன்றில் முப்பத்தொன்பது ஆண்டுகள் லேபிள் சரிபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்ற அந்தப் பெண்மணியை, உடன் பணியாற்றியவர்கள் பூதக்கண்ணாடி என்றே அழைத்தனர். முதுகுக்குப் பின்னால் பிறந்த பெயர், நாளடைவில் முகத்துக்கு நேராகவே வழங்கலாயிற்று. அவரும் அதைக் குறையாகக் கருதவில்லை.

அச்சகத்திலிருந்து வரும் மாதிரித் தாளை ஒப்புதல் பெற்ற மூலத்தின் அருகில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது அவர் வேலை. எப்போதும் கடைசிச் சொல்லில் தொடங்கி முதற்சொல்லுக்கு வருவார். முன்னிருந்து படித்தால் பொருள் புரிந்துவிடும். பொருள் புரிந்துவிட்டால் கண் ஏமாந்து, இல்லாத எழுத்தையும் இருப்பதாக எண்ணிக் கடந்துவிடும். கையொப்பமிட்ட பிறகு பிழை வெளிப்பட்டால், சரிபார்த்தவரே தம் கைப்படத் திருத்தச் சீட்டு எழுதித் தர வேண்டும்: வரி எண், இருப்பது, இருக்க வேண்டியது. அவர் ஒரு சீட்டும் எழுதியதில்லை. விடைபெற்ற நாளன்று, வெற்றுச் சீட்டுக் கட்டொன்றுக்கு நாடா சுற்றிப் பரிசாகக் கொடுத்துச் சிரித்தார்கள். அது இன்னும் நாடா அவிழாமல் மேசை இழுப்பறையில் இருந்தது.

பெற்றோர் அடுத்தடுத்து மறைந்துவிட, பத்தொன்பது வயதில் வேலையில் சேர்ந்தவர் அவர். அப்போது தங்கைக்கு எட்டு வயது. திருமணப் பேச்சு இருமுறை வந்து, இருமுறையும் போயிற்று. அழைப்பிதழ் அச்சாகும் முன்பே பிழை கண்டுபிடித்துவிட்டாள் போலும் என்று தோழிகள் கேலி செய்தனர். தாளும் மையும், மை துடைக்கும் ஸ்பிரிட்டும் அவர் கைகளை மரப்பட்டை போல் ஆக்கிவிட்டிருந்தன. தலை பின்னிவிடும்போதெல்லாம் சின்னவளின் முடி அந்த விரல்களில் சிக்கிக்கொள்ளும். "அக்கா, உன் கை ரம்பம் மாதிரி இருக்கு" என்று அவள் கூச்சலிடுவாள்.

சின்னவள் படித்து, மணந்து, தொலைவிலுள்ள வேறொரு நகருக்குப் போனாள். அங்கிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பொட்டலம் வரும். உள்ளே நீல டப்பாவில் கைக்குத் தடவும் கிரீம். பொட்டலம் சேர்ந்த அன்று தொலைபேசியும் ஒலிக்கும்.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"தடவுறியா?"

"தடவுறேன்."

பேச்சு அவ்வளவுதான். ஆனால் ஆண்டுக்கு நான்கு முறை தவறாமல் நடந்தது. மற்ற நாட்களில் அவர் வாய் திறந்து பேசுவது பெரும்பாலும் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் மட்டுமே.

ஒருமுறை பொட்டலம் தாமதமாயிற்று. விரல் மூட்டுகள் வெடித்து எரிச்சல் எடுக்கவே, மருந்துக்கடைக்காரர் ஒரு வெள்ளை ட்யூபை எடுத்து நீட்டினார். நான்கே நாளில் வெடிப்பு ஆறியது. அதன் பின் வந்து சேர்ந்த நீல டப்பாவை, தொழிற்பழக்கத்தால், வெள்ளை ட்யூபுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு நாட்கள் சுகமாகக் கழிந்தன. வெகு காலத்துக்குப் பிறகு காலையில் எழுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. தாளில் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தார்: டப்பா, ட்யூப், குறிப்பு. ஒன்றில் 'அக்வா', மற்றதில் 'தண்ணீர்', இரண்டும் ஒன்றே. அடுத்து கிளிசரின். அதன் பின் சீட்டைல் ஆல்கஹால். பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை, அது தோலை உலர்த்தும் சாராயமன்று, மெழுகைப் போன்ற மென்மையான பொருள். ஏழாம் வரி வரை வரிசைகூட மாறவில்லை. பிறகு முன்பின்னாக இருந்தது.

"வரிசை மாறியிருக்கே மேடம். அப்ப வேற சரக்குதானே?" என்றார் மருந்துக்கடைக்காரர், தாளை எட்டிப் பார்த்து.

"எது அதிகமோ அத முதல்ல போடணும். ஆனா நூத்துல ஒரு பங்குக்குக் கீழ போயிட்டா எத முன்னால வேணா போடலாம். இந்தா, எட்டாவதா பினாக்சிஎத்தனால், கெட்டுப்போகாம இருக்கச் சேக்கறது. அத ஒரு பங்குக்கு மேல சேக்க மாட்டாங்க. அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் துளித்துளிதான்."

"நான் இத இருபது வருஷமா விக்கறேன். ஒரு நாள் திருப்பிப் பாத்ததில்ல. நீங்க கடைய எடுத்துக்குங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

பதின்மூன்று வரிகள் ஒத்துப்போயின. பதினான்காவது வரி டப்பாவில் மட்டும் இருந்தது: நறுமணம். வயதானவர் தோலுக்கு அதனால் நன்மை ஏதுமில்லை. சிலருக்கு அரிப்பும் வரலாம். குறிப்புப் பத்தியில் 'தேவையற்றது' என்று எழுதி, சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டார். சின்னவளுக்கு வீண் அலைச்சல் மிச்சமாகட்டும் என்று தாளைக் கைபேசியில் படமெடுத்து அவளுக்கு அனுப்பினார். அனுப்புமுன் வழக்கம்போல் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல் வரை சரிபார்த்தார். பிழையில்லை.

"சரிக்கா" என்று ஒரு சொல் பதில் வந்தது.

மூன்று மாதம் சென்றது. பொட்டலம் வரவில்லை. வராது என்பது அவருக்குத் தெரியும், அவரே நிறுத்தியதுதான். தொலைபேசியும் ஒலிக்காது என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. மேலும் இரண்டு மாதம் போயிற்று. தபால்காரர் அடுத்த வீட்டில் மணியடிக்கும்போது கையிலிருக்கும் பாத்திரத்தைக் கழுவாமல் நின்றார். கைகள் என்னவோ வெள்ளை ட்யூபின் தயவில் வழவழவென்றே இருந்தன. அவற்றைத் தொட்டுப் பார்த்து, இப்போது ரம்பமில்லை என்று சொல்லத்தான் ஆளில்லை. தானே அழைக்கலாம். அழைத்து என்ன சொல்வது? 'வந்துச்சு', 'தடவுறேன்' என்ற இரண்டையும் தவிர வேறு பேசி வெகு காலமாயிற்று.

ஒரு பிற்பகல், காலி நீல டப்பாவைக் குப்பையில் போட எடுத்தவர், மூடியைத் திறந்தார். அடியில் ஒட்டியிருந்த சிறிது கிரீமில் மணம் அப்படியே இருந்தது. பதினான்காம் வரி. டப்பாவைக் கையில் வைத்தபடியே கைபேசியை எடுத்து, தான் அனுப்பிய தாளை முதன்முறையாக மேலிருந்து கீழாக, படிப்பவர் படிப்பது போலப் படித்தார். நீ அனுப்புவது இது, தெருமுனையில் கிடைப்பது இது, இரண்டும் ஒன்றே, மிஞ்சியிருப்பது தேவையற்றது.

மேசைக்குச் சென்று இழுப்பறையைத் திறந்து நாடாவை அவிழ்த்தார். முதற்சீட்டில் எழுதினார். வரி எண்: பதினான்கு. இருப்பது: தேவையற்றது. இருக்க வேண்டியது என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றது. பிறகு சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு தங்கையை அழைத்தார்.

"அக்காவா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"நீயா போன் பண்ணா பயமா இருக்குக்கா. பண்ணதே இல்லையே நீ."

"அந்தப் பட்டியல்ல ஒரு தப்பு இருக்கு."

"உன் பட்டியல்லயா? அப்ப உலகம் அழியப்போகுது."

"கேலி பண்ணாதடி. பதினாலாவது வரி. 'தேவையற்றது'ன்னு எழுதிட்டேன். அது தப்பு."

அந்தப் பக்கம் குழாயில் நீர் விழுவது கேட்டது. பிறகு குழாய் மூடப்பட்டது.

"அந்த வாசனைக்காகத்தாங்க்கா நாலு கடை ஏறி இறங்கி மோந்து பாத்து வாங்கினேன். ரெண்டா வாங்குவேன். உனக்கொண்ணு, எனக்கொண்ணு."

"உனக்குமா? சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்ட? வந்துச்சு, தடவுறேன், டொக்குன்னு வெச்சிடுவ."

தங்கை சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

"இப்பவும் அதத்தான் தடவுறியா?" என்று கேட்டார். கேட்பது புதிதாக இருந்தது.

"தீந்துபோச்சு. நீ சொன்ன வெள்ளை ட்யூபையே வாங்கலாம்னு தேடினேன். இங்க எந்தக் கடையிலயும் இல்ல. இந்தப் பக்கம் வரதே இல்லையாம்."

"அத எதுக்குத் தேடின?"

"அக்கா கையெழுத்துப் போட்ட சரக்காச்சே. வேற எதுக்கு?"

"கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனே."

"கோவமா இருக்கறவ போன் பண்ணி கிரீம் கேப்பாளா? நல்லா இருக்கே கதை." சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரலில் மூக்கை உறிஞ்சினாள். "என் கையும் இப்ப ரம்பமாத்தான் ஆயிடுச்சுக்கா. அனுப்பு. ஆனா பட்டியல் வெக்காத."

மறுநாள் மருந்துக்கடையில் இரண்டு ட்யூப் கேட்டார்.

"ரெண்டா மேடம்? ஒண்ணே உங்களுக்கு நாலு மாசம் வருமே."

"ஒண்ணு வெளியூருக்கு" என்றார். வெளியூர் என்ற சொல்லைத் தேவைக்கு அதிகமாகச் சற்று உரக்கவே சொன்னார் போலும். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, ட்யூபைத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தார். பட்டியல் வைக்கவில்லை. திருத்தச் சீட்டு பட்டியலாகாது என்று தமக்குள் வாதாடி வென்று, 'இருக்க வேண்டியது' என்ற இடம் வெறுமையாகவே இருந்த சீட்டைக் கையொப்பமிட்டு உள்ளே செருகினார். முகவரியைக் கடைசி வரியிலிருந்து ஒருமுறையும் முதல் வரியிலிருந்து ஒருமுறையும் படித்தார்.

பொட்டலம் போய்ச் சேர நான்கு நாளாகும் என்றார் தபால் நிலைய எழுத்தர். அன்று செவ்வாய். நாட்காட்டியில் சனிக்கிழமையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். அன்று 'வந்துச்சா?' என்று கேட்க வேண்டியது அவர் முறை, எங்கும் வெளியே போகக் கூடாது. மற்ற நாட்களிலும் அவர் எங்கும் போவதில்லைதான்.