தனகோடி அடித்த கறுப்பு

தனகோடிக்குக் கோபம் வந்தால் முதலில் புடவையைத் தூக்கிச் செருகுவாள். அப்புறம் மேலே போட்டிருக்கும் ஆம்பளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டுவாள். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். இரண்டாயிரத்து ஐந்து, புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை காலையில் அவள் குத்புதீன் பாய் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டைக் கை ஏற்கெனவே சுருண்டிருந்தது.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அதுதானே எரிச்சல்! பாயின் வெள்ளைக் கார் செவ்வாய்க்கிழமையிலிருந்து வாசலிலேயே நிற்கிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. முப்பது வருஷ மெக்கானிக் சுப்ராயன் இரண்டு நாளாய் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கடைசியாக அந்த வண்டியில் வேலை செய்தது தனகோடி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க மரக்காணம் பஜாரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆனால் பேச்சு மட்டும் டீக்கடை டீக்கடையாகப் போய்விட்டது: "பொம்பள கை வச்ச வண்டி, வேற எப்படி இருக்கும்?"

அவள் செய்தது ஒன்றும் பெரிய வேலையில்லை. உப்புக்காற்று ஊரில் ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டி வைத்திருக்கிற எல்லாரும் செய்கிற வேலைதான். வண்டியின் அடிப்பக்கத்தைச் சுரண்டி, துருவை எடுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, அதன் மேல் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசிவிடுவார்கள். கறுப்பு அடிக்கிறது என்பார்கள். அடிக்காமல் விட்டால் மூன்றே வருஷத்தில் அடித்தகடு அப்பளமாக உதிரும். பதினேழு நாளைக்கு முன் பாய் அதற்காகத்தான் காரை அவளிடம் அனுப்பினார். தனகோடி கடைக்கு வந்த முதல் கார் அது.

கடை என்றால் ஈசிஆர் ரோட்டு ஓரத்தில் பாய்க்கு இருக்கும் நாலு ரூம் கட்டடத்தில் கடைசி ரூம். தன் மருமகனுக்கு அதைக் கேட்டுவைத்திருந்தார் சுப்ராயன். பாய் அவளுக்குக் கொடுத்துவிட்டார். காரணம் இருந்தது. போன மார்கழியில் கடல் உள்ளே வந்தபோது உப்பளத்துப் பம்ப்பு இன்ஜின்கள் எல்லாம் மண்ணும் தண்ணியும் குடித்துப் படுத்துவிட்டன. பழைய இரும்புக்குப் போடச் சொன்ன பதினோரு இன்ஜின்களைக் கழற்றிக் கழுவி ஓட வைத்தவள் தனகோடி. அதில் இரண்டு பாயுடையவை.

அவள் பிரம்மதேசத்துப் பெண். கட்டிக்கொண்டு வந்த ஐயப்பன் உப்பளத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டுகிறவன். ஒரு நாள் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹாண்டில் எதிர்த்து அடித்து அவன் மணிக்கட்டு முறிந்தது. பம்ப்பு ஓடாவிட்டால் பாத்திக்குத் தண்ணி இல்லை, பாத்தி காய்ந்தால் நாற்பது பேருக்கு வேலை இல்லை. மறுநாள் காலை அவள் போய் ஹாண்டிலைப் பிடித்தாள். "பொம்பள அடிச்சா இன்ஜின் பிடிக்குமா?" என்று சிரித்தார்கள். மூன்றாவது சுற்றில் பிடித்தது. ஐயப்பனுக்குக் கை கூடின பிறகும் ஹாண்டில் அவளிடமே இருந்துவிட்டது. அவன் உப்பு வாரப் போனான். அதில் அவனுக்குத் துளி வருத்தம் கிடையாது. "என் பேச்சவிட அவ பேச்சத்தான் இன்ஜின் கேக்குது" என்று அவனே பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

ஆனால் ஒரு விஷயம் அவள் நெஞ்சில் எட்டு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தது. அப்போது அவள் சிவப்பிரகாசம் என்ற முதலாளியின் உப்பளத்தில் இருந்தாள். இன்ஜினில் ஆயில் இறங்கிவிட்டது, வாங்கிக் கொடுங்கள் என்று பத்து நாள் கேட்டாள். இன்றைக்கு நாளைக்கு என்றார். பதினோராம் நாள் இன்ஜின் இறுகி நின்றது. "ஆயில் ஊத்துற எடத்துல தண்ணிய ஊத்திட்டா" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். திறந்து பார்த்தவர் சுப்ராயன். பேரிங் காய்ந்து கருகிக் கிடந்ததைக் கண்ணால் கண்டவர். அவர் வாயைத் திறக்கவில்லை. தனகோடியும் திறக்கவில்லை. ஒரு சீசன் முழுக்க எந்த உப்பளத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. "தண்ணி ஊத்துனவ" என்று இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வாசலில் ஒரு மினி லாரி பின்பக்கம் காட்டி நின்றது. சுப்ராயன் தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர்.

"டேங்குக்குள்ள இருக்குற பம்ப்பு எரிஞ்சுபோச்சு பாய்" என்றார் சுப்ராயன். "பாண்டிக்கு இழுத்துட்டுப் போயி வேற பம்ப்பு போடணும். நாளைக்கு வந்துடும்."

பாயின் முகம் வாடிக்கிடந்தது. மகன் முஜீப் ரஹ்மான் மூன்று வருஷம் கழித்துக் குவைத்திலிருந்து வருகிறான். இன்றைக்கு நாலு மணிக்குச் சென்னையில் இறங்குவான். அவன் சம்பாதித்து வாங்கித் தந்த கார் இது. அதில் போய்த்தான் அவனை அழைத்து வர வேண்டும் என்று பாயின் மனைவி பாத்திமுத்து ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கதவோரம் நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனகோடியைப் பார்த்ததும் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "நீ போம்மா. இது பெயின்ட் வேலை இல்ல. ரூம் சாவியப் பத்தி உங்கிட்ட நாளைக்குப் பேசணும்னு இருந்தேன்."

புரிந்துவிட்டது. இந்தக் கார் கயிற்றில் பஜார் வழியாகப் போனால் அதன் பின்னாலேயே கடையும் போய்விடும். முந்தானையில் முடிந்திருந்த ஷட்டர் சாவியை அவள் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அத நாளைக்குப் பேசலாம் பாய். இப்ப அரை மணி நேரம் குடுங்க. பெயின்ட் அடிச்சவளுக்குக் கண்ணும் இருக்குது."

"அரை மணி நேரத்துல என்ன கிழிக்கப் போற?" என்றார் சுப்ராயன்.

"கிழிச்சா பாருங்க. கிழிக்கலன்னா நானே கயித்தக் கட்டித் தர்றேன்." பாயிடம் திரும்பினாள். "உக்காந்து சாவியப் போட்டு அடிங்க பாய்."

செல்ஃப் சுற்றியது. தனகோடி கண்ணை மூடிக் கேட்டாள். "போதும். பேட்டரியும் நல்லா இருக்குது, செல்ஃபும் நல்லா இருக்குது. அத விட்டுடலாம்." ஒரு பிளக்கைக் கழற்றி, இன்ஜின் மேல் வைத்து, மறுபடி அடிக்கச் சொன்னாள். நீலமாகப் பொறி பறந்தது. பிளக்கை மூக்கருகே கொண்டுபோனாள், விரலால் தடவினாள். "நெருப்பு வருது. ஆனா இவ்ளோ நேரம் சுத்தியும் பிளக்கு காஞ்சு கெடக்குது. பெட்ரோல் வரல."

"அதத்தானம்மா நான் ரெண்டு நாளா சொல்றேன், பம்ப்பு போச்சுன்னு! இதுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"ஓடலன்னு சொல்லுங்கண்ணா, ஒத்துக்கறேன். போச்சுன்னு எப்படி சொல்றீங்க? பசியில படுத்திருக்கறவன செத்துட்டான்னு தூக்கிட்டுப் போயிடுவீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சுப்ராயன் கயிற்றைக் கீழே போட்டார்.

பின் சீட்டைத் தூக்கிவிட்டு டேங்கு மேல் காதை வைத்தாள். நல்ல வண்டியில் சாவி போட்டதும் பம்ப்பு இரண்டு நொடி ஙொய்யென்று முனகும். இதில் சத்தமே இல்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் காட்டினாள், நன்றாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து அவளுடைய கருவியை எடுத்தாள்: ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, அதில் பற்றவைத்த இரண்டு ஒயர். பம்ப்புக்குப் போகும் இரண்டு ஒயரிலும் அதைக் கோத்துவிட்டுப் பாயைச் சாவி போடச் சொன்னாள். பல்பு எரியவில்லை. ஒரு முனையை மட்டும் எடுத்துச் சீட்டுக்கு அடியில் இருந்த வெறும் இரும்பில் அழுத்தி மறுபடி சாவி போடச் சொன்னாள். பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா? கரண்டு வருது. திரும்பிப் போகத்தான் வழியில்ல. எர்த்து எங்கியோ விட்டுப்போயிருக்குது பாய். பம்ப்பு நல்லாத்தான் இருக்கும்."

ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தாள். பம்ப்பிலிருந்து வரும் கறுப்பு எர்த்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். டேங்குக்குப் பக்கத்தில், காரின் உடம்புத் தகட்டில் ஒரு சின்ன போல்ட்டில் அது முடிந்தது. போல்ட் மழமழவென்று கறுப்பாக இருந்தது.

அது அவள் அடித்த கறுப்பு.

உப்பளத்து இன்ஜினில் ஒயரே கிடையாது. முழுக்க முழுக்க இரும்பு. அங்கே பழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயின்ட் அடித்து, ஈரத்தோடு திரும்ப முடுக்குவார்கள். இடுக்கில் உப்பு போகாது. பதினைந்து வருஷமாக அந்தக் கை அப்படியே பழகிவிட்டது. காரில் இந்த ஒரு போல்ட்டையும் அதே கை கழற்றியிருக்கிறது, பெயின்ட் அடித்திருக்கிறது, அக்கறையாக முடுக்கியிருக்கிறது. பெயின்ட்டைத் தாண்டிக் கரண்டு போகாது என்று அந்தக் கைக்கு யார் சொன்னது? போல்ட்டின் மரை மட்டும் எங்கேயோ தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததில் பதினைந்து நாள் வண்டி ஓடியிருக்கிறது. அதற்குள் உப்புக்காற்று அதையும் தின்றுவிட்டது.

மல்லாந்து கிடந்தபடியே அவளுக்கு அழுகை வந்தது. அவமானம். "பொம்பள கை வச்ச வண்டி" என்று சொன்னவன் ஒன்றும் தெரியாமல் சொன்னான், ஆனால் சரியாகச் சொல்லிவிட்டான்! அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒயர் அறுந்திருந்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சுப்ராயனுக்கே தெரியாது.

போல்ட்டைக் கழற்றினாள். உப்புத்தாளால் தேய்த்தாள், தகடு வெள்ளையாக மின்னுகிற வரைக்கும். ஒயரை வைத்து இறுக்கினாள். வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, "இப்ப போடுங்க பாய்" என்றாள்.

டேங்குக்குள்ளிருந்து ஙொய்யென்று சத்தம் வந்தது. பாய் சாவியை இன்னொரு திருப்பு திருப்பினார். இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"அல்ஹம்துலில்லாஹ்!" பாத்திமுத்து முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பாய் காரைவிட்டுத் துள்ளி இறங்கினார். "என்னம்மா இருந்துச்சு உள்ள?"

தனகோடி கையை நீட்டினாள். உப்புத்தாள் முழுக்கக் கறுப்புத்தூள்.

"நான் பண்ண தப்பு பாய். எர்த்து போல்ட்டக் கழட்டி அடியில கறுப்ப அடிச்சு முடுக்கியிருக்கேன். உப்பளத்து இன்ஜின்னு நெனச்சுட்டு செஞ்சிருக்கேன். அதான் வண்டி நின்னுச்சு."

சுப்ராயன் கையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டுக்கிட்டீங்களா பாய்? அவ வாயாலேயே சொல்லிட்டா! இதுக்கு ஒரு ரூம்பு, ஒரு கடை!"

பாய் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும்மா சத்தமா சொல்ற? எலி ஒயரக் கடிச்சுடுச்சுன்னு சொல்லிடலாம். அதோட போவட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. சட்டைக் கையை இன்னொரு மடிப்பு ஏற்றிக்கொண்டாள்.

"எலி பாவம் பாய், அது என்ன பண்ணுச்சு?" ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "சிவப்பிரகாசம் இன்ஜின் இறுகினப்போ நான் தண்ணி ஊத்திட்டேன்னு சொன்னாங்க. நான் செய்யாத தப்பு. எட்டு வருஷமா என் தலைமேல கெடக்குது. அன்னைக்கு வாய மூடிட்டு நின்னேன் பாருங்க, எம்மேலயே எனக்கு ஆத்திரமா வருது. இப்ப செஞ்ச தப்ப எலிக்குக் குடுத்துட்டா, செய்யாத தப்பு எனக்குன்னு நின்னுடும். முடியாது பாய். இது என்னுது. நானே பண்ணேன், நானே கண்டுபிடிச்சேன், நானே சரி பண்ணேன். அந்தத் தண்ணி ஊத்துன தப்பு என்னுது இல்ல. அந்த இன்ஜினத் தொறந்து பாத்தவரு இதோ நிக்கறாரு. அவரக் கேளுங்க!"

எல்லாரும் சுப்ராயனைப் பார்த்தார்கள். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குனிந்து கயிற்றை எடுத்து முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். கார் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆயில் இல்ல" என்றார் கடைசியில், கயிற்றைப் பார்த்துக்கொண்டே. "சொட்டு ஆயில் இல்ல பாய். பேரிங்கு காஞ்சு கருகியிருந்துச்சு. தண்ணியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஏம்பா, அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்றார் பாய்.

"சிவப்பிரகாசம் எனக்கு வேலை குடுக்கறவரு பாய்." கயிற்றை மினி லாரிக்குள் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

இந்த நாள் வந்தால் குதிக்க வேண்டும் என்று தனகோடி எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். இப்போது குதிக்கத் தோன்றவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

பாத்திமுத்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். பாய் முன்கதவைத் திறந்து பிடித்தபடி தயங்கி நின்றார். "நீயும் ஏறிக்கம்மா, ஏர்போர்ட்டு வரைக்கும். வழியில எங்கயாவது நின்னுடுச்சுன்னா?"

தனகோடி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஷட்டர் சாவியைக் கையில் எடுத்தாள்.

"நிக்காது பாய். மணி பத்தாகுது, நான் போயி கடையத் தொறக்கணும்."