எட்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு ரூம்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுப்பதும், ரிஜிஸ்தரில் ரூம் எழுதுவதும்தான் வேலை. ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். போனில் அது கிடையாது. சீசன் மாதங்களில் வருகிற போன் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: "தண்ணி விழுதா?"

அதற்கு "இல்லை" என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிக் கொடுத்தது அது. "எம்மா, பொய் சொல்லிராத. தண்ணி இல்லன்னா சாரல் இருக்குன்னு சொல்லு. சாரலும் இல்லன்னா காத்து நல்லாருக்குன்னு சொல்லு. வரட்டும். வந்து நாலு நாள் இருந்தா தண்ணி வராமயா போயிரும்?"

அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். தென்காசியில் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு யாரிடம் என்ன சொன்னேன் என்று வீட்டுக்காரரிடம் ஒப்பிப்பேன். அவருக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் வேலை. கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். "ஏட்டி, நீ காத்தையே வித்துருவ."

பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் எல்லாம் எடுத்தார்கள். டாக்டரம்மா வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். நோயாளி வெளியே இருப்பார், கூட வந்தவர் கேட்டுக்கொண்டு வருவார். வெளியே வந்து, "ஆபரேசன் வேண்டாமாம். எட்டு ஊசியிலயே கரைச்சிரலாமாம்" என்றார். கத்தி இல்லாமல் முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷம்தான் தாங்கவில்லை.

இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி. முதல் வாரம் எதை வாயில் வைத்தாலும் தகரத்தை நக்கினது போல இருக்கும். இரண்டாவது வாரம் ரத்த அணு குறையும், கூட்டத்தில் நிற்கக் கூடாது. மூன்றாவது வாரம்தான் நான் நானாக இருப்பேன். அந்த ஒரு வாரம் மட்டும் லாட்ஜுக்குப் போனேன். தலையில் துணி கட்டியிருப்பதைப் பார்த்து, "எந்தக் கோயில்ல முடி எறக்குனிய?" என்று தங்க வருகிறவர்கள் கேட்பார்கள். "திருச்செந்தூர்" என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் கேட்ட அம்மா திருச்செந்தூர்க்காரியாகவே இருந்துவிட்டாள். "அப்படியா, என்னைக்கு வந்திய? எங்க வீடு கோயில் பக்கத்துலதான், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயிருக்கலாம்லா?" என்று அவள் வருத்தப்பட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நாலாவது ஊசிக்குப் பிறகு காலண்டரை எடுத்து வைத்து எண்ணினேன். எட்டாவது ஊசி ஆனிப் பாதியில் வந்தது. அதிலிருந்து மூன்றாவது வாரம் ஆடி பிறக்கிற நேரம். நல்ல சீசன். பத்தொன்பது வருஷத்தில் நான் அந்த லாட்ஜில் ஒருநாள்கூடத் தங்கினது இல்லை. சீசனில் அருவிப் பக்கம் போகவும் நேரம் இருந்தது இல்லை. ஊசி முடிந்ததும் நானும் வீட்டுக்காரரும் மகளும் மூன்று நாள் தங்குவது, அருவிக்குக் கீழே ஆசை தீர நிற்பது என்று முடிவு செய்தேன். ரிஜிஸ்தரில் ஐந்தாம் நம்பர் ரூமைப் பேனாவால் எழுதினேன்.

முதலாளி பார்த்துவிட்டார். "இது யாரு பேரு?"

"எங்க வீட்டுக்காரர் பேரு, அண்ணாச்சி."

"கால் மணி நேரத்துல வீட்டுக்குப் போயிருவிய. ஒங்களுக்கு எதுக்கு ரூம்?"

"கடைசி ஊசி முடியுது அண்ணாச்சி. அதான்."

மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அஞ்ச அடிச்சிட்டு பன்னெண்டாம் நம்பர எழுது. அதுலதான் மலை தெரியும்."

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். "அம்மா, தேதி உறுதிதானா? ஒரு தடவ லீவு எழுதிக் குடுத்துட்டா மாத்த விடமாட்டாங்க" என்றாள். உறுதி என்றேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது மட்டும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "இப்பவே பேனால எழுதணுமா? பென்சில்ல எழுதி வச்சா என்ன?" என்றார். இந்த மனுஷனுக்கு ஒரு நல்ல காரியத்துக்கும் நல்ல வார்த்தை வராது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது ஊசி அன்றைக்கு முந்திரிக்கொத்து செய்து ஒரு தூக்குவாளியில் கொண்டு போனேன். ஊசி ஏற்றுகிற நர்சம்மாக்களுக்கு. ஐந்து மாதமாக என் நரம்பைத் தேடித் தேடிக் குத்தியவர்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஊசி முடிந்ததும் ஒரு நர்சம்மா என் பைலில் அடுத்த தேதி எழுதினாள்.

"இல்ல சிஸ்டர், இது எட்டாவது. இன்னையோட கடைசி" என்றேன்.

அவள் பைலைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தாள். வாயில் பாதி முந்திரிக்கொத்து இருந்தது. அதை மெல்லாமல் அப்படியே நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த பேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவிடம் நானே போனேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் யார் அறைக்கதவையும் கேட்காமல் தள்ளுகிற ஆள் இல்லை. டாக்டரம்மா கோபப்படவில்லை. "எட்டுன்னு நான் எண்ணிக்கை சொல்லலம்மா. எலும்புக்கும் போயிருக்கு. மருந்து நல்லா கேக்குது, கட்டுக்குள்ள இருக்கு. இனிமே லேசான ஊசிதான். முடி வளரும், வேலைக்குப் போகலாம். ஆனா மூணு வாரத்துக்கு ஒருக்க வரணும்" என்றார்.

"எத்தன நாளைக்கு?"

"வேலை செய்யுற வரைக்கும்."

முதுகு வலியை நான் நாற்காலி வலி என்று நினைத்திருந்தேன். அதற்காக லாட்ஜில் ஒரு தலையணை வாங்கிப் போட்டிருந்தேன். டாக்டரம்மா எலும்பு என்றதும் எனக்கு நோய்கூட மனதில் வரவில்லை. அந்தத் தலையணைதான் வந்தது. பூப்போட்ட உறை.

பஸ்ஸில் பாவூர்சத்திரம் வரை வந்துவிட்டோம். அங்கே காய்கறி மூட்டை ஏற்றுகிற டெம்போ குறுக்கே நின்றதால் பஸ் நகரவில்லை. என் மடியில் காலித் தூக்குவாளி. அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே."

"எட்டுன்னு யாரு சொன்னா?"

"நாந்தான்."

"ஏன் எட்டு?"

"வாயில வந்துச்சு." அவரே தொடர்ந்தார். "ஒங்க முதலாளி சொன்னதுன்னு நீ சொல்லுவேல்லா. வரட்டும், வந்து நாலு நாள் இருந்தா தண்ணி வராமயா போயிரும்னு. அப்படித்தான் நெனச்சேன். அதுக்குள்ள சரியாயிரும்னு."

திட்ட வாய் எடுத்தேன். அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. அடித்துப் போட்டது போல உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் "தென்காசி எறங்கு" என்று கத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர்தான் கையைப் பிடித்து இறக்கினார். அந்தக் கையை உதறிவிட்டேன்.

மகளிடம் நானே சொன்னேன். அழுது முடித்துவிட்டு, "அப்ப லீவ மாத்தணுமாம்மா?" என்று கேட்டாள். இதுவரைக்கும் என் கணக்கில் ஊசி முன்னால் இருந்தது, விடுமுறை பின்னால் இருந்தது. இப்போது பின்னால் என்று ஒன்றே இல்லை. பன்னிரண்டாம் நம்பர் ரூமை அடித்துவிட்டேன். ஆடி பிறந்து குற்றாலம் திமிலோகப்பட்டது. என்னால் போனில் பேச முடியவில்லை. "தண்ணி விழுதா?" என்று கேட்டால் போனை மேஜையில் வைத்துவிடுவேன். முதலாளியே எடுத்துப் பேசிக்கொண்டார்.

ஒன்பதாவது ஊசிக்குப் போனபோது, இந்தத் தடவை அவரையும் கூட வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அருவியில் குளிக்கலாமா? டாக்டரம்மா யோசித்தார். "பலமா விழுற தண்ணிக்குக் கீழ நிக்கவே கூடாது. முதுகெலும்பு தாங்காது. தண்ணி கொறஞ்சு லேசா விழுதுன்னா, ஓரமா, பிடிச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம்."

வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருஷம் எந்த நாளில் தண்ணீர் இல்லை என்பதை நான் மறைத்தேனோ, அந்த நாள்தான் இனி என் சீசன்.

லாட்ஜுக்குப் போய் ரிஜிஸ்தரைத் திறந்தேன். ஊசிக்கு மூன்றாவது வாரமாக இருக்க வேண்டும். தண்ணீரும் குறைந்திருக்க வேண்டும். மகளுக்கும் லீவு கிடைக்க வேண்டும். ஆவணி பாதியில் ஒரு ஞாயிறு, திங்கள் பொருந்தி வந்தது. பென்சிலில் எழுதினேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் அருவிப் பக்கமிருந்து வருகிற ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, தண்ணி கொறஞ்சிருக்கா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, லாட்ஜுல இருந்துக்கிட்டு இப்படிக் கேக்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் மதுரையிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன். தண்ணி விழுதா என்று கேட்டார்.

"ரொம்பக் கொறச்சல்ங்க. நூல் மாதிரிதான் விழுது. நெறைய தண்ணி வேணும்னா இப்ப வராதீங்க" என்றேன். முதலாளி பேப்பரை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

மறுநாள் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் பத்துப் பேர்கூட இல்லை. மகள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் கம்பியைப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு பெண், "அடச்சே, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? எங்க வீட்டுக் கொழாயே தேவல" என்று சலித்துக்கொண்டாள். ஒரு விரல் தடிமன் தண்ணீர் என் தலையில் விழுந்தது. அரை அங்குல முடிதான் வளர்ந்திருந்தது. அந்தக் குளிர் நேராகத் தோலில் இறங்கி மூச்சையே பிடித்துவிட்டது. பயந்துவிட்டேன். பிறகு நின்றேன். முதுகு வலிக்கவில்லை.

வெளியே அவர் துண்டோடு நின்றிருந்தார். அந்தப் பஸ் பயணத்திலிருந்து அவரோடு சரியாகப் பேசியது இல்லை.

"தண்ணி எப்படி?" என்றார்.

"கொறச்சல்தான்." துண்டை வாங்கிக்கொண்டேன். "அடுத்த படம் எடுக்கும்போது நானும் உள்ள வருவேன். கொறச்சல்னா கொறச்சல்னு சொல்லணும். காத்து நல்லாருக்குன்னு சொல்லப்பிடாது."

தலையை ஆட்டினார். வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அருவிப் பக்கமே போயிருக்கவில்லை.