ஆட்டு மூளைப் பாடம்

மஞ்சள் கரைத்த நீரில் பச்சைக் கறி ஊறும் வாடை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், ஞாயிறு காலைகளில் அது என்னை மறிக்கும். மூக்கைப் பொத்தினாலும் வரும். அது இருப்பது மூக்கில் இல்லை. இன்னும் உள்ளே, என் பத்தாம் வகுப்பில்.

அறிவியல் சார் ஆட்டு மூளையைத் தன் சாப்பாட்டு டப்பாவில் மஞ்சள் நீரில் போட்டுக் கொண்டுவந்தார். பாடம் முடிந்ததும் வறுவலுக்குப் போய்விடும் என்று சொல்லிச் சிரித்தார். அவர் மோசமான ஆசிரியராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் இருந்திருக்காது. "ராஜகிரி மலை மேல ஆடு போயிப் போயித் தடம் விழுது பாருங்க. மூளையிலயும் அப்டித்தான். போன வழியிலயே திரும்பத் திரும்பப் போனா, அது ஞாபகம். போவாத வழியில புல்லு மொளச்சிடும், அது மறதி." மடிப்பு மடிப்பாக இருந்த அதை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். டாக்டருக்குப் படிக்க வேண்டும், இதைத்தான் படிக்க வேண்டும் என்று அந்த நொடியில் நான் முடிவு செய்தேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்து தொடச் சொன்னார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாங்கள் சமணர்கள், ஊரில் நயினார் வீடு என்பார்கள். விளக்கில் பூச்சி விழுந்து சாகுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள்.

"நயினார் ஊட்டுப் பொண்ணா? தொட்டா இன்னா, ஆடு எழுந்து வந்து கேக்கப் போவுதா?"

வகுப்பு சிரித்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரலை அதில் அழுத்தினார். குளிர்ச்சி. வழவழப்பு. அங்கேயே வாந்தி எடுத்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் அப்பா பள்ளிக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நம்பி அவர் பின்னால் நின்றேன். சார் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "லெவன்த்துல பயாலஜி எடுத்தா தவளைய அறுக்கணுங்க. உங்களுக்கு ஒத்துவராது. காமர்ஸ்ல போட்டுடுங்க."

"சார் சொன்னா சரி" என்று அப்பா தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் வல்லம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே நரைத்த தலை, வகுப்பில் கேட்ட அதே உரத்த குரல்.

"ஏம்மா, நீ நயினார் ஊட்டுப் பொண்ணு இல்ல? கிளாஸ்லயே சூட்டிகையான பொண்ணாச்சே! டாக்டர் ஆயிட்டியா?"

"காமர்ஸ் படிச்சேன் சார். மணிலாக்கொட்டை மண்டியில கணக்கு எழுதறேன்."

அவர் முகம் வாடியது. நடிப்பு இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு எதுவுமே நினைவில்லை.

"அடப்பாவமே! எவன் உன்ன அங்க தள்ளுனான்?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"நீங்கதான் சார்."