மேசை கதிரையோடு சேர்த்த குத்துச்சண்டை மேடை

குட்மேய்ஸில் இரண்டு கடை, ஹவுன்ஸ்லோவில் ஒன்று. பிள்ளைகள் எல்லோருக்கும் சொந்த வீடு. கோயில் தேர் நிற்கிற கொட்டகை. அதற்கு இரும்பு கொடுத்ததும் நான், மேலே ஏறி நின்று பூட்டினதும் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாமல் இலண்டனில் வந்து இறங்கி, பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் அடித்தவன் கட்டினது இவ்வளவும். இன்னொன்றும் இருக்கிறது. இங்கே எங்கள் பெடியன்களுக்கு வருஷா வருஷம் குத்துச்சண்டைப் போட்டி நடக்கிறதே, அதைத் தொடக்கினவனும் நான்தான்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கம் நடத்துகிற போட்டி அது. பேர் வேண்டாம். விழா மண்டபத்தில் ஒரு பழைய படத்தைப் பெரிதாக்கி மாட்டுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கல்லூரி மாணவர்கள் குடுமியோடு, வேட்டியை மடித்துக் கட்டி, குத்துச்சண்டைக்கு நிற்கிற படம். ஓரத்தில் ஓட்டத்தில் வென்றவன் கோப்பையோடு. அதற்கு முன்னால் செல்பி எடுக்காத சங்கத்து ஆள் இல்லை. அவர்களில் கையுறை போட்ட ஆள் ஒருவரையும் நான் காணவில்லை.

ஒரு வருஷம் அந்தப் படத்தைப் பார்த்து ரோஷம் வந்து, பல்கலைக்கழகத்தில் படிக்கிற அவர்களின் பிள்ளைகள் மண்டபத்துக் கார் பார்க்கில் சண்டை பிடித்தார்கள். கையில் கிரிக்கெட் கிளவுஸ்! தகப்பன்மார் சுற்றி நின்று கை தட்டினார்கள். ஒருவனுக்கு மூக்கால் இரத்தம். நான் விழாச் சாப்பாட்டுக்கு என் கடை ரோல்ஸ் பெட்டி இறக்கப் போனவன். பெட்டியை வைத்துவிட்டு நடுவில் புகுந்தேன்.

“முதல் அந்தக் கிளவுஸைக் கழட்டுங்கோடா! ஆளை ஆள் கொல்லப் போறியளோ?”

“அங்கிளுக்கு பொக்ஸிங்கும் தெரியுமோ?” என்று ஒருவன் இளித்தான்.

“வா, காட்டுறன்.”

வீசிப் பார்த்தான். ஒன்றுகூட என்மேல் படவில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல், பெற்றோல் ஷெட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் ஒரு ஜமைக்காக் கிழவனிடம் வருஷக் கணக்காய் அடி வாங்கிப் படித்தவன் நான். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

பிறகு கடையின் பின்பக்கத்தில் அரிசி மூட்டைகளைத் தள்ளி வைத்து, நானே கம்பி ஒட்டி, கயிறு இழுத்து, கன்வஸ் விரித்து மேடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெடியன்களைப் பழக்கினேன். ஒரு தாய் ஓடி வந்தா.

“படிக்கிற பிள்ளை அண்ணை. மூக்கை உடைச்சுப் போடாதேங்கோ.”

“மூக்குக்கு நான் பொறுப்பு தங்கச்சி. படிப்புக்கு நீங்கள் பாருங்கோ.”

அடுத்த வருஷ விழாவில் முதல் போட்டியை நடத்தினேன். அன்று தொட்டு ஒவ்வொரு விழாவுக்கும் என் லொறியில்தான் மேடை போகும். நான்தான் பூட்டுவேன், நான்தான் கழற்றுவேன்.

இந்த வருஷ விழா இலண்டன் சட்டனில். சங்கத் தலைவர் ஒரு டொக்டர். மைக்கைப் பிடித்தார். “பத்தொன்பதாம் நூற்றாண்டில எங்கட கல்லூரி ஏத்தின விளக்கை, இலண்டனிலையும் அணையாமல் காப்பாத்தினது நாங்கள்!” கைதட்டல். அதற்காக அவருக்கே பொன்னாடையும் போட்டார்கள். பிறகு எல்லோரும் படம் எடுக்க மேடையில் ஏறினார்கள், என் கன்வஸில் சப்பாத்துக் காலோடு. நானும் ஏறினேன். செயலாளர் என் முழங்கையைப் பிடித்தார்.

“அண்ணை, நீங்கள் எந்த வருஷ பட்ச்?”

“நான் ஒரு பட்ச்சும் இல்லை. நீங்கள் ஏறி நிக்கிறது என்ர மேடை.”

“அது தெரியும் அண்ணை. இது பழைய மாணவர் மட்டும் எடுக்கிற படம். குறை நினையாதேங்கோ. நன்றியுரையில சொல்லுவம்.”

அன்று வென்றவன் நான் பழக்கின பெடியன். கோப்பையோடு நடுவில் நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு கமராவைப் பார்த்துச் சிரித்தான். நான் இறங்கினேன்.

நன்றியுரையில் சொன்னார்கள்தான். ஒலிபெருக்கிக்காரருக்குப் பிறகு: “மேசை, கதிரை, குத்துச்சண்டை மேடை ஒழுங்கு செய்து தந்த அண்ணைக்கும் நன்றி.”

மேசை, கதிரை!

“வயசு போன நேரத்தில இதை ஏன் பெரிசாக்கிறியள்?” என்று மனைவி கேட்கிறா. பெரியதுதான். கடை என் பேரில் இருக்கிறது, வீடு பிள்ளைகள் பேரில் இருக்கிறது. இந்தப் போட்டி மட்டும் ஊர்ப்பட்ட பட்ச்காரரின் பேரில் இருக்கிறது.

சங்கத்துக்காரருக்குச் சொல்லுகிறேன். அந்தப் பழைய படத்துக்குக் கீழே ஒரு பித்தளைப் பலகை அடியுங்கள். “இலண்டனில் இந்தப் போட்டியைத் தொடக்கினவர்” என்று என் பேரை முழுதாய் வெட்டுங்கள். பட்ச் போடுகிற இடத்தில் “ஐந்தாம் வகுப்பு” என்று போடுங்கள். பலகை ஏறின பிறகுதான் மேடை என் லொறியில் ஏறும்.