பசுவந்தனைக்குச் சேதி வந்த நாள்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அல்லாபிச்சையின் டீக்கடை. பக்கத்துத் தையற்கடை என்னுடையது. அவர் கடையில் டீயைவிட வாசலில் கிடந்த கரும்பலகைக்குத்தான் கிராக்கி. தினமும் காலையில் 'இன்று' என்று தலைப்புப் போட்டு, அன்றைக்கு யார் பிறந்தார், என்ன நடந்தது என்று எழுதிவிடுவார். ஜூலை பதினைந்தா? காமராசர் பிறந்த நாள். அதற்குக் கீழே, கண்ணுசாமி வீட்டுப் பசு இரட்டைக் கன்று ஈன்ற நாள்.

ஜூன் ஒன்றாம் தேதிதான் பலகையில் இடம் போதாது. பள்ளியில் சேர்க்க வரும் பிள்ளை கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் வயது ஐந்து, பிறந்தது ஜூன் ஒன்று என்று வாத்தியார் எழுதிக்கொள்வார். ஊரில் பாதிப்பேர் அப்படிப் பிறந்தவர்கள்தான். நானும்தான்.

அல்லாபிச்சை அந்த மந்தையில் சேரமாட்டார்.

"மணியாச்சியில கலெக்டர சுட்ட அன்னைக்கு நீ பொறந்தலேன்னு எங்க உம்மா சொல்லுவாவ. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொண்ணு, ஜூன் பதினேழு. எனக்குச் சரித்திரமே சாட்சி, அண்ணாச்சி!"

1961-இல் அவருக்கு ஐம்பது நிறைந்தது. ஊரார் பெயரையெல்லாம் எழுதியவர், தன் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை. இந்த வருஷம் எழுதியே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். ஒரு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை மனுஷனுக்கு. பால் பொங்கி அடுப்பு அணைகிறது, அவர் வாசலில் நடக்கிறார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

பதினாறாம் தேதி, அக்கா தௌலத் பேகத்தை அழைக்கத் தான் பிறந்த ஊரான பசுவந்தனைக்குப் புறப்பட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். எட்டு வயது மூத்த அக்கா, கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஏலே, சுட்ட அன்னைக்கா நீ பொறந்த? மணியாச்சிக்குப் பருத்தி ஏத்திட்டுப் போன வண்டிக்காரர் திரும்பி வந்து அந்தச் சேதியச் சொன்னாரு. அன்னைக்குத்தான் பொறந்த."

"சேதி என்னைக்கு வந்துச்சு, லாத்தா?"

"நீ பொறந்த அன்னைக்கு."

"அது என்னைக்கு?"

"அதான் சொல்லுதேன்லா, சேதி வந்த அன்னைக்கு!"

திரும்பும்போது பஸ்ஸில் அவர் விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டே வந்தார். 'பேசாமல் எங்களோடு ஜூன் ஒன்றாம் தேதிக்கே வந்துவிடும்வே' என்று கிண்டல் செய்ய நாக்கு துறுதுறுத்தது. முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

மறுநாள் பலகையில் இப்படி இருந்தது: 'இன்று: மணியாச்சியில் கலெக்டர் சுடப்பட்ட நாள். சேதி இன்னும் பசுவந்தனை வந்து சேரவில்லை.' பதினெட்டாம் தேதி: 'வண்டி வரவில்லை.' பத்தொன்பதாம் தேதியும் அதேதான். டீ குடிக்க வந்தவர்களெல்லாம், "என்ன அண்ணாச்சி, பொறந்தாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தலையை நீட்டிப் பார்த்தார். பலகையையே தூக்கி உள்ளே போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

இருபதாம் தேதி மத்தியானம் பசுவந்தனை பஸ்ஸிலிருந்து தௌலத் பேகம் இறங்கினார். கையில் தூக்குவாளி நிறையப் பாயசம்.

"சேதி வந்துட்டுலே. எழுது."

"இன்னைக்குத்தானா லாத்தா? நெசமாவா?"

"அன்னைக்கு வண்டிக்காரர் கொண்டுவந்தாரு. இன்னைக்கு நான் கொண்டுவந்திருக்கேன். நம்ம வீட்டுல உன்னைப் பொறந்த அன்னைக்குப் பாத்தவ நான் ஒருத்திதான் மிச்சம். எழுதுலே!"

சாக்பீஸை எடுத்தார். கண்ணைத் துடைக்கிறார், எழுதப் போகிறார், மறுபடி துடைக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. சாக்பீஸைப் பிடுங்கி நானே எழுதினேன்.

'இன்று: அல்லாபிச்சை பிறந்தார்.'

"இன்னும் கொஞ்சம் பெருசா எழுதும்வே" என்றார்.